இருபத்தோரு இன்ச்

எல்லாரும் மைலேஜ் கேட்டார்கள்.
நான் இன்ச் டேப்பை எடுத்தேன்.

மாவு டிரம் குறுக்களவு இருபத்தோரு இன்ச்.
முன்னும் பின்னுமாய் இரண்டு டிரம், ஒரு கிரேட் பாக்கெட்.
ஞாயிற்றுக்கிழமை இவை இறங்கினால்
அதே இடத்தில் ஒரு பாய், ஒரு தூக்குச்சட்டி,
கால் நீட்டிப் படுக்க ஒரு பிள்ளை.
இதைச் சொன்னால் மூலக்கடை புரோக்கர்
"ஏசி போட்டுப் பாருங்க மேடம்" என்கிறார்.

எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் கட்டி
ஐந்து வருஷம் ஓட்டினார் உமாபதி.
போன ஆடியில் காசிமேடு சிக்னலில்
ஒரு டிரம் சாய்ந்து
நாற்பது கிலோ மாவு
தார் ரோட்டில் புளித்துக்கொண்டு கிடந்தது.
கன்டெய்னர்காரன் ஹாரனை விடவே இல்லை.
மீன் விற்கும் அம்மா ஒருத்தி
ஐஸ் தட்டைக் கவிழ்த்துவிட்டு
அதில் மாவை அள்ளிக் கொடுத்தாள்.
எதற்கென்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும்.
அன்று ராத்திரியே சீட்டை எடுத்தோம்,
தள்ளு போக ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.

மணலியில் ஒரு வேன்.
புது சீட் கவர், மல்லிகை வாசனை பாட்டில்.
மெக்கானிக் ஜான்பாஷா அதையெல்லாம் பார்க்காமல்
சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார்.
முக்கால் பாகம் சுத்தம்,
அப்புறம் கறுப்பு. விரலில் பிசுக்கு.
"வெள்ளத்துல நின்ன வண்டிம்மா.
எண்ணெயோட நின்னுருக்கு."

கால்வாய்க்கரையில் எங்கள் வீட்டுச் சுவரிலும்
அந்தக் கோடு உண்டு,
சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சாண் கீழே.
இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும்
உள்ளிருந்து வந்துவிடுகிறது.
வீட்டில் இருந்துகொள்கிறோம்.
வண்டியை வேண்டாம் என்றோம்.
சரியான முடிவுதான்,
ஆனாலும் திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி பின்பக்கம் ஏசுபாதம்.
பழைய ஆம்னி. விலை குறைத்துச் சொன்னார்,
சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார்.
"ஆம்புலன்ஸா ஓடுச்சு.
உசுரோடயும் ஏத்திருக்கேன், இல்லாமயும்.
மறைச்சு வித்தா எனக்குத் தூக்கம் வராது."
உமாபதி இரண்டடி பின்னால் போனார்.
ஜான்பாஷா வண்டிக்கடியில் படுத்து எழுந்து
முதுகைத் தட்டிக்கொண்டார்.
"இன்ஜின் கல்லு. துரு இல்ல. தண்ணி பாக்காத வண்டி."
நான் பின்கதவைத் திறந்தேன்.
ஸ்ட்ரெச்சர் ஓடிய இரண்டு தண்டவாளம்
தரையில் அப்படியே இருந்தன.
நடுவில் டேப்பை வைத்தேன்.
இருபத்தொன்றரை.

டெட்டால் மூன்று நாள், வேப்பிலை ஒரு நாள்.
மாமியாரிடம் "டாக்டர் ஓட்டின வண்டி" என்றோம்,
முழுப் பொய்யும் இல்லை.
விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால்
தண்டையார்பேட்டை பள்ளங்களில்கூட
மாவு அசைவதில்லை,
அவ்வளவு பத்திரமாகப் போகிறது.

வெயில் ஏறினால் மட்டும்
முகப்பில், அடித்த பெயின்ட்டுக்கு அடியிலிருந்து
பழைய எழுத்துகள் எழும்புகின்றன,
இடவலம் மாறி.
வெண்ணிலா என் பொட்டுக் கண்ணாடியைக் கொண்டுபோய்
எதிரில் பிடித்து எழுத்துக்கூட்டினாள்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

போன ஞாயிறு பழவேற்காடு கிளம்பினோம்.
மீஞ்சூர் தாண்டி லாரி வரிசை, உச்சி வெயில்.
எஞ்சினை அணைத்துவிட்டு
விசிறிக்கொண்டிருந்தபோது
முன்னால் நின்ற டிரெய்லர்
தன் கண்ணாடியில் எதையோ பார்த்து
மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது.
அதற்கு முன்னால் நின்றதும்.
உமாபதிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.
"போலாமா?" என்றார், திருடன் குரலில்.
"மெதுவா" என்றேன்.

கடந்து போகையில் ஒரு டிரைவர்
ஸ்டியரிங்கை விட்டுக் கைகூப்பி
எங்களுக்காகக் கும்பிட்டார்.
பின்னால் படுத்திருந்த வெண்ணிலா எழுந்து,
வாயில் மாங்காயோடு,
அவருக்கு டாட்டா காட்டினாள்.