துண்டு

ஒதாரு துறைமுகத்தில் முன்பு மீனை உறையவைத்த கிடங்கு.
இப்போது நாற்பத்தாறு புரொஜெக்டர்கள்
அதற்குள் ஒரு கடலை ஓட்டுகின்றன.
முழங்கால் நீரில் அந்தக் கடலைக் கடந்து வருகிறவர்களுக்குத்
துண்டு கொடுப்பது என் வேலை.

முகங்கள் எனக்கு நினைவில் நிற்பதில்லை.
கால்கள் நிற்கும்.
பனிக்காலணி கடித்துச் சிவந்த கணுக்கால்,
ஒரே ஒரு நகத்தில் மட்டும் சாயம்,
ஒருமுறை ஆறு விரல்.
சுருட்டிவிட்ட கால்சட்டை நழுவி நனைந்தவர்கள்
என்னிடம் மன்னிப்புக் கேட்பார்கள்,
தண்ணீர் என் வீட்டுடையது போல.

எதிரே பூ அறை.
அசையாமல் நின்றால் உன்மேல் பூக்கும்,
நடந்தால் உதிரும்.
அந்த மாதம் சாமந்தி.

பனி அடித்துப் பேருந்துகள் நின்றுபோன செவ்வாய்க்கிழமை.
'இஸோகாய், டிக்கெட் இரண்டு, ஆள் ஒன்று'
என்று ரேடியோவில் கொதோமி சொன்னாள்.
கறுப்புக் கோட்டு, கறுப்பு டை,
நெருங்கும்போதே ஊதுபத்தி வாசம்.
கால்கள் மரத்து வெளுத்திருந்தன.
துடைத்துக்கொண்டு உள்ளே போனவர்
கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"மன்னிக்கவும். எனக்கு மட்டும் பூக்கவில்லை."

புகார் இல்லை அது.
எங்கோ விட்டுவந்த குடையை விசாரிக்கும் குரல்.

கூடப் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.
பக்கத்துப் பெண்ணின் ஸ்வெட்டர் முழுக்க மஞ்சள்,
அவள் தோளில் தூங்கும் குழந்தையின்
முடி முளைக்காத தலையில்கூட இரண்டு.
அவர் நின்ற இடத்தில்
கத்தரித்து எடுத்ததுபோல் ஓர் ஆளளவு இருட்டு.

"கறுப்புக் கம்பளிதானே?" என்றான் ஹயாசே,
மேலே இயந்திர அறையிலிருந்து.
"சென்ஸார் கணக்கில் அது ஆளே இல்லை.
கோட்டைக் கழற்றச் சொல்லு."

சொல்ல வாய் வரவில்லை.
காலையிலிருந்து அவர் போதுமான சாமந்தி
பார்த்திருப்பார் என்றும் தோன்றியது.
ஆனால் கேட்டு வந்திருக்கிறாரே.
கையில் இருந்தது துண்டு.
யாருக்கோ இடம் பிடித்து வைப்பதுபோல்
அவர் தோளில் அதைப் போட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு இடத்தோளில் ஒரு மொட்டு, தயங்கி
(இயந்திரத்துக்கு ஏது தயக்கம், கணக்குப் போட்டிருக்கும்),
பிறகு இன்னொன்று,
பிறகு துண்டின் ஓரத்தில் நிறுவனப் பெயர் தைத்த நூல் வரை
வெள்ளையும் மஞ்சளுமாய்.
துண்டைத் தாண்டி ஒன்றுகூட இல்லை.

அவர் அசையவில்லை.
அசைந்தால் உதிரும் என்று வாசலில் எழுதியிருக்கிறது,
படித்திருப்பார்.

மூடப்போகிறோம் என்று ஒலிபெருக்கி சொன்னபோது
துண்டின் ஒரு முனையை மெல்ல எடுத்துப்
பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தார்,
தன் தோளைவிட ஒரு சாண் தாழ்வாக.
பூத்தவை எல்லாம் உதிர்ந்தன.
கை நடுங்காமல் காத்திருந்தார்.
அந்த முனையிலும் பூத்தது.

நான் வாளியும் துடைப்பமும் தேடுகிறவள்போல்
வெளியே வந்துவிட்டேன்.

நான்காக மடித்துத் திருப்பித் தந்தார்.
சலவைக் கூடையில் உதறியபோது
சிறிய உப்புப் பொட்டலம் ஒன்று விழுந்தது.
சாவு வீட்டில் தருவது.
தன் வீட்டுக்குள் நுழையும்முன்
தோளில் தூவித் தட்டிவிட வேண்டும்.
பிரிக்காமலே இருந்தது.

எங்கள் கடல் வெறும் குழாய்த் தண்ணீர்.
அதில் கொட்டிவிடலாமா என்று
வெகுநேரம் பொட்டலத்தோடு நின்றேன்.
ஹயாசே திட்டுவான்.
பம்பு துருப்பிடிக்கும்.