பாதிப் பனி

சித்திரை முடிகிற வெயில்.
விஜயமங்கலம் சுங்கச்சாவடியிலேயே
கார் ஏசி மூச்சை விட்டது.
செங்கப்பள்ளி தாண்டி இடதுபக்கம்
புளியமரத்துக்கு மேலே தெரிந்தது
ஒரு சிவப்பு முழங்கால்.

"கிறிஸ்மஸ் தாத்தா" என்றாள் மகள்.
"முனியப்பன்" என்றார் இவர்.
வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால்
ரெண்டு பேர் சொன்னதும் சரி.

பவானிப் பக்கம் முனியப்பன் சிலை செய்கிற ஆளாம்.
தாடிக்கு வெள்ளையடித்தார், குல்லா வைத்தார்,
கைப்பழக்கத்தை மட்டும் விடமுடியவில்லை.
ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார் தாத்தா,
பிதுங்கிய விழியால்
கோவை போகிற லாரிகளை எண்ணிக்கொண்டு.
அரிவாள் இருக்கவேண்டிய கையில் மணி.
வண்டியிழுக்கும் கலைமான் நாலுக்கும்
காங்கேயம் காளையின் திமில்.
காலடியில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள்.
"புது வண்டி எடுத்தவிய இங்க நிறுத்தி
ஏத்திட்டுப் போறாங்க.
கும்புடற கையத் தட்டிவிடச் சொல்லி
பங்குச் சாமியார்கூடச் சொல்லலீங்க" என்றார்
எமரன்சியம்மா,
கல்லாவில் இருந்தபடி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே.

பெத்லகேம் ஸ்டோர்ஸ்.
வருசம் பூரா டிசம்பர்.
மருமகள் குடில் பொம்மைகளுக்குத் தூசி தட்டுகிறாள்.
மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு மூக்கு இல்லை,
பாதி விலை.
மகன் ரொசாரியோ குல்லாக் குவியலைக் காட்டினான்:
திருப்பூரில் தைத்து ஜெர்மனி போகவேண்டியது.
கிறிஸ்மஸில் ஓர் எழுத்து விட்டுப்போய்
நாலாயிரமும் திரும்பிவந்தது.
"முப்பது ரூவாய்க்கு
எழுத்துக் கூட்டியா பாக்கப் போறாங்க?"
நான் கூட்டிப் பார்த்தேன்.
பிறகு ரெண்டு வாங்கினேன்.

கடைக்குப் பின்னால் பனி வீடு.
ஆளுக்கு இருபது, கைக்குழந்தை இலவசம்.
தகரக் கொட்டகை, நீல பல்பு,
கோழிப்பண்ணையில் கழற்றிய விசிறி ரெண்டு.
உள்ளே போனதும் கொட்டியது.
பஞ்சு.
நூலாக முடியாத கழிவுப் பஞ்சு.
மகள் கை விரித்துச் சுற்றினாள்.
இவர் வாயை இறுக மூடிக்கொண்டு படம் எடுத்தார்.
எனக்குத் தும்மல்.

வெளியே, சுவிட்சுப் பலகையோரம்
துண்டால் மூக்கைப் பொத்தி நின்றார்
இன்னாசியப்பன்.
நீங்கள் உள்ளே வரவில்லையா என்று கேட்டுவிட்டேன்.
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
தகரத்தைப் பிடித்துக்கொண்டுதான் முடிந்தது.
"பல்லடம் ரோட்டு மில்லுல ப்ளோரூமுங்க.
பத்தொம்பது வருசம் இதே பனி
என்ற மேல உழுந்துச்சு.
அப்ப டிக்கெட்டு இல்லீங்க."

மில்லை மூடியபோது கையில் காசில்லை என்று
முதலாளி கணக்கு முடித்தது பதினோரு மூட்டையில்.
விற்றால் வண்டிவாடகைக்குக் காணாது,
வைத்தால் எலி.
ஒரு ராத்திரி மூட்டை ஓட்டையில் கைவிட்டு
அள்ளி மேலே எறிந்திருக்கிறான் பேரன்.
அவ்வளவுதான், வேறு யோசனை ஏதும் செய்யவில்லையாம்.

கரண்டு போனது.
பனி அந்தரத்தில் கொஞ்சம் தயங்கி
எங்கள் மூன்று தலையிலும் இறங்கியது.
"இன்னும் இன்னும்" என்று கத்தினாள் மகள்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
எமரன்சியம்மா ஆளுக்குப் பத்து ரூபாயை
எண்ணி நீட்டினார்:
"பாதிப் பனிக்குப் பாதிக் காசுதானுங்க."
வேண்டாமென்றோம். விடவில்லை.
கடைசியில் வெள்ளரிக்காயாக வாங்கிக்கொண்டோம்,
உப்பும் மிளகாய்த்தூளும் தூக்கலாக.

கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினார் இவர்,
எழுத்து குறைந்த குல்லாவோடு.
மகள் தலையிலிருந்து பஞ்சு
ஒவ்வொன்றாகக் கிளம்பி
சன்னல் வழியே பின்னால் போயிற்று.
பெருமாநல்லூர் நெருங்கும்போது
இன்னொரு தும்மல் எனக்கு.
திரும்பிப் பார்த்தேன்.
எங்களுக்குப் பின்னால் வந்த லாரி
ஒரு பொட்டு மழையில்லாத சாலையில்
வைப்பர் போட்டது.