பதினோரு நாள்

கோப்பில் அவள் பெயர் ஆர்ஃபா டிட்வெல்.
மிசூரியின் தெற்கே ஏதோ ஒரு மலைச்சாலை,
தபால்பெட்டி எண் நாற்பத்தாறு.
கணவனை ஹெலிகாப்டரில் நகரத்துக்குத் தூக்கிப்போன
இருபத்திரண்டு நிமிடத்துக்கான பாக்கி
பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
ஆள் பிழைத்தானா என்று எழுதக்
கோப்பில் கட்டம் இல்லை.

கம்பெனிக்காரன் ஒருவனுக்கு விற்றான்,
அவன் இன்னொருவனுக்கு.
நாங்கள் மூன்றாவது கை.
டாலருக்கு ஒன்றரை சென்ட் கொடுத்து வாங்கினோம்.
பழைய சட்டைகூட இதைவிட விலைபோகும்.

சேர்ந்த வாரமே ஜெனீவா சொல்லிவிட்டாள்:
கடனுக்கு இரண்டு கடிகாரம்.
கடன் அறிக்கையில் ஓடுவதற்கு ஏழு வருஷம்.
அதை யாரும் அசைக்க முடியாது,
அது பாட்டுக்கு ஓடி
பெயரைத் துடைத்துவிட்டுப் போய்விடும்.
கோர்ட்டில் ஓடுவதற்கு, எங்கள் மாநிலத்தில், ஐந்து.
அது தொட்டாற்சுருங்கி.
ஒரு காசு பட்டால் போதும்,
சுருங்கிப் பூஜ்யத்துக்குப் போய்
மறுபடி விரியும்.

அதனால் நாங்கள் பெரிய தொகை கேட்பதே இல்லை.
ஐந்து டாலர் கேட்போம்.
நல்லெண்ணத்துக்கு, என்போம்.
யாராவது கொடுத்தால்
சுவரோரம் தொங்கும் பித்தளை மணியை
எழுந்துபோய் அடிக்க வேண்டும்.
எல்லோரும் கைதட்டுவார்கள்.

ஆர்ஃபாவின் கடிகாரத்தில்
மிச்சம் பதினோரு நாள்.

"ஐந்தா?" என்றாள். "இருங்கள்."
போனை மேஜைமேல் வைத்த சத்தம்.
தரையில் நாயின் நகங்கள்.
எதிலோ சிக்கிக்கொண்ட இழுப்பறையைக்
கையால் இரண்டு குத்து.
டிவியில் யாரோ ஆலங்கட்டி மழை வரும் என்கிறார்,
காரை உள்ளே விடுங்கள் என்கிறார்.
என் திரையில் பச்சைக் கோடு,
பேச்சு பதிவாகிறது என்று சிமிட்டும் விளக்கு.
நாய் குரைக்கவில்லை. குரைத்திருக்கலாம்.

வந்தாள். மூச்சு வாங்கியது.
"கணக்கில் நான்கு டாலர் பதினேழு சென்ட் இருக்கிறது,
சம்பளம் வெள்ளிக்கிழமைதான்.
நான்கு போதுமா?"
நான் பதில் சொல்வதற்குள்,
"வெர்ன் யாரிடமும் பாக்கி வைத்துப் போகிறவர் இல்லை,
அதைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றாள்.

போதும்.
ஒரு சென்ட்டே போதும்.
சட்டம் இந்த இடத்தில் தராசு வைத்திருக்கவில்லை,
விரல் பட்டதா என்றுதான் பார்க்கிறது.

"மேடம், பணம் வாங்கும் மெஷின்
இன்று வேலை செய்யவில்லை" என்றேன்.

"எப்போது சரியாகும்?"

"இரண்டு வாரம் ஆகும்."

"நிஜமாகக் கூப்பிடுவீர்களா?
என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.
டி, இரண்டு முறை.
மறந்துவிட்டேன் என்று
அப்புறம் நீங்கள் சொல்லக் கூடாது."

குறித்துக்கொள்வதாகச் சொன்னேன்.
கடைசியில் அவள்தான் நன்றி சொன்னாள்.

வாரக் கணக்கில் எனக்கு இன்னும் இரண்டு குறைந்தது.
ஜெனீவா என் பக்கம் திரும்பி
மறுபடி தன் திரைக்குத் திரும்பினாள்.
அடுத்த கோப்பு, ஹாலிஸ் கிரம்ரைன்,
சிறுநீரகக் கல், அவசரப் பிரிவு, ஒரு இரவு.
மிச்சம் நாற்பது நாள்.

ஐந்து டாலர்தானே என்று சிரித்தார் ஹாலிஸ்,
கார்டு எண்ணை நிதானமாக, நான்கு நான்காகப் பிரித்துச் சொன்னார்.
வாங்கிக்கொண்டேன்.
ரசீது எண்ணைக் கொடுத்தேன்.
எழுந்துபோய் மணியை அடித்தேன்.