இரண்டு மீட்டர்

தாய் செங்கில், ஏழாவது மாடியில், குளிரூட்டிய அறை.
ஒரே அடுக்கில் மேலே செயலி, கீழே தரவுத்தளம்.
நடுவே நீலக் கம்பி,
அளந்தால் இரண்டு மீட்டர்கூட வராது.

"வீட்டுக்குள் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில்
யாராவது பூட்டுப் போடுவார்களா?
யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பார் கோ.
எட்டு வருடமாக அப்படியே
திறந்த குரலில் பேசிக்கொண்டிருந்தன இரண்டும்.

வெள்ளிக்கிழமை தணிக்கை.
புதன் இரவு ஒன்றிலிருந்து நான்குவரை எனக்கு.
மாற்றுவதற்கு முன், சான்றுக்காக,
கம்பியில் ஓடுவதைப் பிடித்துத் திரையில் விரித்தேன்.
மறுநாள் நோயாளிகளுக்கான நினைவூட்டல்களை
அந்நேரம்தான் எடுத்துக்கொண்டிருந்தது செயலி.

லிம் சியூ ஹோங், பல்வேர், ஒன்பதரை.
ரோஹானா பிந்தி யூசோஃப், சர்க்கரை.
செழியன் ராமையா, பிளாக் 417,
மனநலம், மூன்றாவது அமர்வு,
அவசரத் தொடர்பு: இல்லை.

எங்கள் பிளாக். எங்கள் லிஃப்ட்.
பத்து மாடி இறங்குவதற்குள்
முன்பின் தெரியாதவரையும் சிரிக்க வைத்துவிடுகிறவர்.

யார் பார்க்கப் போகிறார்கள்?
நான் பார்த்தேன்,
கழுத்தில் அனுமதி அட்டையோடு.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே என்பார்கள்.
இயந்திரங்களுக்கு அதை யார் சொன்னது?

சான்றிதழை வைத்தேன். திறவுகோலை வைத்தேன்.
'நான்தான் தரவுத்தளம்' என்று எதிரே யார் சொன்னாலும்
நம்பிவிடாமல் பெயரைச் சரிபார்க்கச் சொன்னேன்.
உடனே முறுக்கிக்கொண்டது செயலி.
பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, என் பிழைதான்.
இரண்டே முக்காலுக்குக் கைகுலுக்கின.

மறுபடி பிடித்துப் பார்த்தேன்.
தரையில் கொட்டிய கடுகு.
லிம் இல்லை, ரோஹானா இல்லை,
எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்றே தெரியாத
அழகான குப்பை.
தனியாக நின்று ஒரு முறை கைதட்டினேன்.

முதலில் பிடித்த கோப்பை அழித்தேன்.
குப்பைத்தொட்டிக்குள்ளும் போய் அழித்தேன்.
இன்னொரு பிரதி இருந்தது. அதற்கு ஒரு கட்டளையும் இல்லை.

ஏழு மணிக்குச் சற்று முன் கீழ்த்தளம்.
லிஃப்ட் திறக்க, செழியன் வெளியே வந்தார்.
"என்னம்மா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு, ராத்திரி வேலையா?"
"ஆமாண்ணே. ஒரு பூட்டு மாத்த வேண்டியிருந்தது."
"சாவி தொலைஞ்சா சொல்லு, அங் மோ கியோவில் ஆள் இருக்கான்,
கதவைப் பார்த்து முறைச்சாலே திறந்துடும்!"
சிரித்தார். நானும் சிரித்தேன்,
அரை நொடி தாமதமாக.

டிங் என்றது அவர் கைப்பேசி.
மணி ஏழு.
மாடி எண்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்,
அவர் அதைப் படித்து முடிக்கும்வரை.