நூற்றுக்கு இருபத்து மூன்று

பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை.
காங்கேயம் சென்னிமலை ரோட்டில்
அந்தக் கிடங்கு திறந்துதான் கிடந்தது.
மேலடுக்கு மூட்டைகளில் கொப்பரை.
அதன் கீழே வெறும் தொட்டி.
அதற்கும் கீழே மட்டை, மண்,
ஒரு மூட்டை நிறையப் போன வருஷத்துக் காலண்டர்:
'உங்கள் பணம் இங்கே காய்கிறது.'

ஆய்வாளர் தெய்வசிகாமணி சிரித்துவிட்டார்.
மகஜரில் சிரிப்புக்குப் பத்தி கிடையாது.

அறுநூற்று நாற்பது பேர், ஆறரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு.
மீட்கும் குழுவுக்கு நான் தலைமை என்கிறது அரசாணை.
குழு என்பது
ஆய்வாளர், ஏட்டு மாகாளி,
கணக்குப் பார்க்கும் பர்வீன்,
பாதி நாள் ஓடும் ஜீப்பு.

இருந்த நல்ல கொப்பரையையாவது விற்க
கோவைக் கோர்ட்டில் மனுப் போட்டேன்.
மூன்று வாய்தா.
கொப்பரைக்கு வாய்தா தெரியாது.
நாலாவது முறை கைக்குட்டையில்
ஒரு துண்டை முடிந்துகொண்டு போய்
நீதிபதியின் மேசையில் அவிழ்த்தேன்.
அன்று மதியமே ஆணை வந்தது,
ஃபேனை அதிகம் வைக்கச் சொன்ன பிறகு.

அவன் வீட்டில்
அறை அறையாக எழுதினோம்.
சுபத்ரா, அவன் மனைவி,
நாங்கள் எழுதி முடித்த அறையின் விளக்கை
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாள்.
போர்ட்டிகோவில் சின்ன சைக்கிள்.
எழுதட்டுமா என்றாள் பர்வீன்.
எழுது என்றேன்.
ஏலத்தில் முந்நூற்று இருபதுக்குப் போனது:
தலைக்கு ஐம்பது காசு.

எல்லாம் கணக்கில் வந்தது, ஒன்றைத் தவிர.
நொய்யல் கரையில் செல்லாண்டியம்மனுக்கு
அவன் சாத்திய வெள்ளிக் கவசம்.
பதினான்கு கிலோ.
ரசீது அவன் லாக்கரிலேயே இருந்தது,
எங்களுக்காக எடுத்து வைத்த மாதிரி.

கோயில் வாசலில் கூட்டம்.
பாதிப்பேரை எனக்குத் தெரியும்.
போன வாரம் என் அலுவலகத்தில்
'என்ற காசு எப்பங்க வரும்' என்று நின்றவர்கள்.
இன்றைக்கு வழியை மறித்து நின்றார்கள்.
'ஆத்தா மேல இருக்கறதை உருவறதுக்கா
நாங்க மனுக் குடுத்தோம்?'

பதில் இருந்தது என்னிடம்.
சட்டப் பிரிவோடு இருந்தது.
சொல்லவில்லை.

மாகாளி செருப்பைத் தேடுகிற சாக்கில்
புளியமரத்துப் பக்கம் போய்விட்டார்.
பூ கேட்டுப் பார்க்கலாம் என்றார் பூசாரி.
இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு.
எங்கிருந்தோ ஒரு சிறுமியைக் கூட்டிவந்து
எடுக்கச் சொன்னார்கள்.

வெள்ளை.

கூட்டம் விலகிய சத்தம் இன்னும் கேட்கிறது,
சத்தமே இல்லாத ஒரு சத்தம்.
பூசாரி திரை போட்டார்,
தானே கழற்றினார்,
ஈரத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.
பர்வீன் தராசின் முள்ளைப் பார்த்தாள்,
வேறெங்கும் பார்க்கவில்லை.

சிவப்பு வந்திருந்தால்?
ஜீப்பில் தெய்வசிகாமணி கேட்டார்.
ஆணை என் பையில் இருந்தது,
முந்தின நாளே கையெழுத்தாகி.
ஜன்னலை ஏற்றினேன்.

மொத்தம் கூட்டி, செலவு கழித்து,
நூற்றுக்கு இருபத்து மூன்று.

சத்துணவுக் கூடத்துத் துளசிமணி
பாஸ்புக்கோடு வந்தாள்.
லட்சம் போட்டவள்.
இருபத்து மூவாயிரத்தின் மேல் விரலை வைத்து
'மிச்சம் எங்கிங்க மேடம்?'
கொழும்புச் சூதாட்டம், கமிஷன், இரண்டு கார்கள்,
தெரிந்தவரைக்கும் சொன்னேன்.
தெரியாததுதான் அதிகம்.

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.
'இதுல ஆத்தாளது எத்தனைங்க?'

நூற்றுக்கு இரண்டு வரும் என்றேன்.

என் மேசைப் பேனாவை எடுத்து
வங்கி அச்சடித்த வரிக்குப் பக்கத்தில்
மெதுவாக எழுதினாள்:
ஆத்தா, 2000, பாக்கி.

அரசு முத்திரைக்கு மேல் எழுதக் கூடாது.
சொல்லியிருக்க வேண்டும்.
மூடியைத் தேடிப் பேனாவை மூடினேன்.
அடுத்த பெயரைப்
பர்வீன்தான் கூப்பிட்டாள்.