இரண்டு தட்டு, ஒரே சாவி

பதினோரு மணியோடு பன் வேலை முடியும்.
அதற்குமேல் அடுப்பு ஊருக்கு.
நோன்பு இருபத்தைந்தைத் தாண்டிவிட்டால்
பழையபேட்டையில் மாவு தூங்குவதில்லை.
தட்டுக்கு முப்பது ரூபாய்.
நெய் வழிந்து தளம் புகைந்தால் ஐந்து கூட.

பெயரெழுதிச் சீட்டு வைத்தால்
சீட்டுதான் முதலில் வேகும்.
அதனால் நான்கட்டாய் மேலேயே அடையாளம்.
தையற்கடை வீட்டுக்கு நாலு ஓட்டைப் பொத்தான்.
டியூஷன் டீச்சருக்குப் பேனா மூடி.
ஆட்டோ ஜாபர் வீட்டு முள்கரண்டி
போன வருஷம் நாலு கோடு, இந்த வருஷம் மூன்று;
பல் ஒன்று போயிருக்கிறது.
அன்வர்தீன் வீட்டுக்குச் சாவி.
பழைய பித்தளைச் சாவி, நீளத் தண்டு, இரண்டு பல்.

நான் மாதப்பன், ராயக்கோட்டைப் பக்கம்.
பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.
இதையெல்லாம் ஒரே பார்வையில்.

இந்த வருஷம் சாவி இரண்டு வந்தது.

பெரியவன் மனைவி ஷமீம் தானே சுமந்து வந்தாள்.
அரைமணி கழித்துச் சின்னவன் மனைவி நஜ்முன்னிசா
மகன் தலையில் ஏற்றி அனுப்பினாள்.
போன மழையில் அந்தக் கூடத்து நடுவே
ஹாலோ பிளாக் சுவர் எழும்பியதை
சிமெண்டு ஏற்றிப்போன ஜாபர் சொல்லியிருந்தான்.
வாசல் இரண்டாச்சு, பூட்டு இரண்டும் புதுசு.
பிறகும் யாரோ ரவுண்டானா பக்கம் போய்
நகல் எடுத்திருக்கிறார்கள்,
திறக்க எதுவுமில்லாத சாவிக்கு.

தட்டைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் பொறித்த பெயரும் ஒன்று.
பாத்திரத்தைப் பங்கு போட்டவர்களால்
பெயரைப் போட முடியவில்லை போல.

ஒரு பிடி மாவை உள்ளே வீசினேன்.
பத்து எண்ணுமுன் சிவந்தது. ஆகாது.
ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து மறுபடி வீசினேன்.
இருபத்தைந்து.
சரி.
துடுப்பில் ஏற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளினேன்,
அடுப்புக்குள் சுவர் கிடையாது.

நெய் போட்டது பரந்து படுக்கும்.
டால்டா போட்டது நிமிர்ந்து வெடிக்கும்.
வெளியே எடுத்தபோது
ஒன்றில் சாவியின் பல் கரைந்து தண்டு மட்டும்.
மற்றதில் பல் அப்படியே, நடுவே விரிசல்.
மணி இரண்டரை.
எது யாருடையது?
நெய்த் தட்டைப் பெரியவன் வீட்டுக்குக் கட்டினேன்,
அங்கேதான் கார் நிற்கிறது.

காலையில் பையன் வந்தான்.
"இது எங்க தட்டு இல்லையாம். அம்மா நெய்தான் போட்டாங்களாம்."
"சரி, கொண்டா."
"நாங்க முக்கால்வாசி தின்னுட்டோம்."
கொஞ்சம் யோசித்து,
"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

கார் நிற்கிற வீட்டில் டால்டா.
கடனோ, கஞ்சத்தனமோ,
அடுப்புக்காரனுக்கு எதற்கு?

நோன்பு திறந்தபின் ஷமீம் வந்தாள்.
சையத் பாஷா மலைமேல் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
தட்டு மாறியதைப் பற்றிப் பேசவேயில்லை.
"அவ இதுல ரவை போடுறாளா?"
"உள்ள போனது எனக்குத் தெரியாதும்மா.
வெளிய வந்தது மட்டும்தான் தெரியும்.
நாலு இஞ்சுச் சுவர்தானே, தட்டிக் கேளுங்க."

சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
முப்பது ரூபாய் எடுத்து வைத்தாள்.
"காசு நேத்தே வந்தாச்சே."
"இது அந்தத் தட்டுக்கு."

அந்தத் தட்டுக்கும் வந்தாச்சு.
சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

பணத்தைக் கல்லாவில் போடவில்லை,
சோடா மாவு டப்பாவுக்கடியில் இருக்கிறது.
நாளை ராத்திரியும் தட்டு வரும்.
பையன் வந்தால் ஒன்று கேட்கவேண்டும்,
ரவை போடுவார்களா என்று.
எனக்காகத்தான்.