இரட்டை முடிச்சு

அதிகாலை நாலே முக்கால்.
ஆங்கரேஜ் விமான நிலையம். வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
எனக்கு இன்று விரைவு வரிசை.

விரைவு வரிசை என்றால் இவ்வளவுதான்:
பூட்ஸ் காலிலேயே இருக்கும்.
பெல்ட் இடுப்பிலேயே இருக்கும்.
மடிக்கணினி பையை விட்டு எழுந்து வந்து
தான் மடிக்கணினிதான் என்று நிரூபிக்க வேண்டாம்.
முன்கூட்டியே விண்ணப்பித்து, ரேகை கொடுத்து,
எண்பத்தைந்து டாலர் கட்டி,
இவரால் பயமில்லை என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டவர்கள்
நடந்தபடியே போகலாம்.
நான் ஒரு குட் மார்னிங் சொல்லி முடிப்பதற்குள்
மூன்று பேர் போய்விடுகிறார்கள்.
ஒருவராவது என் முகத்தைப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள்.
நானும் பார்க்கவில்லை.
அவர்களை முன்பே யாரோ பார்த்துவிட்டார்கள்.

நீலப் பட்டைக்கு அந்தப் பக்கம்
மற்ற வரிசை.
பாம்பு மாதிரி என்பார்கள்.
எனக்கு இரை விழுங்கிய பாம்பு:
ஓரிடத்தில் புடைத்து, அசையாமல் கிடந்து,
பிறகு ஒரு சாண் நகரும்.
வடக்கே எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிறவர்கள்.
உறைந்த சால்மன் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு ஒருத்தி.
பால்புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிக்காட்டும்
புதுத் தகப்பன்.

அந்த வரிசையில்தான் என் தம்பி.

கோடியாக் தீவில் ஞானஸ்நானத்தன்று இனோக்கெந்தி.
மற்ற எல்லா இடத்திலும் கென்டி.
முகாமில் சமையல். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
பத்தொன்பது வயதில்
அடுத்தவன் படகின் எஞ்சினைக் கழற்றி விற்றான்.
பதினொரு மாதம் உள்ளே இருந்தான்.
போன வருடம் நான்தான் சொன்னேன், விண்ணப்பித்துப் பாரேன் என்று.
பணமும் நான்தான் கட்டினேன்.
வருமான வரி எழுதித்தரும் கடையில் ஒரு மூலை மேசை.
பத்து விரலையும் வைத்தான்.
வெங்காயமும் வெந்நீரும் தின்ற விரல்கள்.
இயந்திரம் இரண்டு தடவை "மறுபடியும்" என்றது.
ரேகை தேய்ந்திருந்தது.
கோப்பு தேயவில்லை.
ஆறாவது வாரம் ஒரு பக்கக் கடிதம்:
வருந்துகிறோம். கட்டணம் திருப்பித் தரப்படாது.
"விடுக்கா," என்றான்,
"என்னை இன்னும் மறக்கலைன்னு
எண்பத்தைந்து டாலர்ல தெரிஞ்சுதே."

இப்போது அவன் முறை.
பூட்ஸைத் தட்டில் வைக்கிறான்.
பெல்ட்டை உருவிச் சுருட்டி அதற்குள் போடுகிறான்.
ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு
மறு கையால் எனக்குக் காட்டுகிறான்:
ஒரு காலில் சாம்பல் சாக்ஸ், ஒரு காலில் பச்சை.
பின்னால் நிற்பவள் சிரித்துவிட்டு
தன் ஓட்டை சாக்ஸை அவனுக்குக் காட்டுகிறாள்.
யாரோ யாருக்கோ தட்டு நகர்த்தித் தருகிறார்கள்.
என் பக்கம் நகர்த்தித் தர
தட்டே இல்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் கையைத் தூக்கி நிற்கிறான்.
மூன்று வினாடி.
கையைத் தூக்கி நிற்கும் தம்பியைச்
சீருடையில் நின்று பார்ப்பது எப்படி என்று
பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை.

அப்போது என் வளைவு கூவியது.
நல்ல கம்பளிக் கோட்டு, வெள்ளி மீசை.
"நான் அங்கீகரிக்கப்பட்டவன்."
"ஆமாம் சார். இது சும்மா குலுக்கல். கையைக் காட்டுங்கள்."
உள்ளங்கையில் துணியை ஒற்றி எடுத்தேன்.
அங்கீகரிக்கப்பட்ட கை
நடுங்கிக்கொண்டிருந்தது.
இன்று காலையில் முதல்முறையாக
ஒரு முகத்தைப் பார்த்தேன்.
துணியில் ஒன்றுமில்லை. போகலாம் என்றேன்.
போனார், கொஞ்சம் மெதுவாக.

ஐந்து பத்துக்கு எனக்கு இடைவேளை.
கென்டி பெஞ்சில் குனிந்து
கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வலது காலுக்கு இரட்டை முடிச்சு.
இடது காலுக்கும்.
"எதுக்குடா? ரெண்டு வாரத்துல
மறுபடி அவுக்கத்தானே போற?"
"அதுக்கு ரெண்டு வாரம் இருக்கே."
வெளியே விமானத்தின் சிறகுகளில்
யாரோ வெந்நீர் பீய்ச்சி
பனியைக் கழுவினார்கள். எல்லோருக்கும் நாற்பது நிமிடம் தாமதம்.
கென்டி நிமிரவில்லை.
என் காலையே பார்த்தான்.
"அக்கா, உன்னோடது அவுந்து கிடக்கு."